ஆமா என்று சொன்ன குரல்

2008 மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு பிழை விட்டேன். இணையத்தில் வந்த ‘ஆறாம் ஒழுங்கை’ படத்தின் வசனம் முழுவதையும் கேட்டு எழுதித் தரும்படி கந்தோரில் சேர் சொல்லியிருந்தார். கேட்டுத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். கிணற்றடிக் காட்சியில் கதாநாயகி ‘ஆமா’ என்கிறாள். நான் எங்கள் வழக்கப்படி ‘ஓம்’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் இல்லை, அந்தக் காட்சியில் அவள் அப்படிச் சொன்ன இடமெல்லாம். பிழையைக் கண்டுபிடித்ததும் நானில்லை, ஸ்ரீ அண்ணை. காது கேட்டதைக் கை எழுதவில்லை. கை தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டது. இப்படிப்பட்ட நான் நாளைக்கு ஒரு சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வேன்?

எழுதியதைப் பேர்ணடெற் மறுநாள் காலை ஓட்டோவுக்குள் இருந்தபடி இன்னொரு தரம் வாசித்தாள். முன்னால் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியில் அதைக் கவனித்தார்.

“என்ன பிள்ளை, பாவசங்கீர்த்தனமோ? சுவாமிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் கொப்பியிலை எழுதினா அந்த மனுசனுக்கு வேலை இல்லாமல் போயிடும்.”

“பிழையைப் பிழை எண்டு எழுதி வைக்கிறன் அண்ணை.”

“எழுதும், எழுதும். ஆனா உம்மடை பிழையாலைதான் இண்டைக்கு எனக்கு ஒரு ஹயர் ஓட்டம் கிடைச்சிருக்கு. கோவிக்க மாட்டன்.”

பேர்ணடெற் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பகலில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணி சவுந்தரநாயகத்தின் கந்தோரில் வேலை, பின்னேரத்தில் சட்ட வகுப்பு. பெயருக்குத்தான் எழுதுவினைஞர். கட்சிக்காரர்கள் சொல்லாமல் விட்டதைத் தேடிப் பிடிப்பதே அவளுடைய உண்மையான வேலை. அதற்குப் போய்வர ஸ்ரீஸ்கந்தராசாவின் ஓட்டோவைச் சட்டத்தரணி ஒழுங்கு செய்து கொடுத்திருந்தார். வாடகை ஓட்டோவுக்கு மட்டும்தான். ஸ்ரீஸ்கந்தராசாவின் வாய் இலவசமாகக் கூட வந்தது.

இப்போதைய கட்சிக்காரர் சூசைதாசன். ‘ஆறாம் ஒழுங்கை’யின் ஒலிப்பதிவாளர். கொழும்பிலேயே எடுத்து, கொழும்பு ஆட்களே நடித்த தமிழ்ப்படம் அது. சித்திரைப் புத்தாண்டுக்குத் திரைக்கு வர இருந்தது. மார்ச் மாதம் பிறந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் முழுப்படமும் இணையத்தில் ஏறிவிட்டது. டொரோண்டோவில் இருப்பவர்கள் வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்து முடிவைச் சொல்லத் தொடங்கினார்கள். தியேட்டர்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். தயாரிப்பாளர் சிவபாதசுந்தரம் பொலிசுக்குப் போய் ஒலிப்பதிவாளரில்தான் சந்தேகம் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

களவு முறைப்பாடாகவே அது இருந்திருந்தால் இவ்வளவு பயம் இல்லை. சூசைதாசனின் வீட்டைச் சோதித்த பொலிசார் படத்தின் ஒளிநாடாக்களை எடுத்தார்கள். அவற்றில் காலி வீதியும் ஒழுங்கைகளும் சோதனைச்சாவடியும் இருந்தன. படத்துக்காக எடுத்த காட்சிகள் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தமிழன் ஒருவனின் வீட்டில் சோதனைச்சாவடியின் படம். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்தானால் அவரைத் தெற்கே உள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சட்டத்தரணிகளும் சொல்வதில்லை.

அந்தக் காட்சிகள் தன் படத்துக்கென்று அனுமதி பெற்று எடுத்தவை எனத் தயாரிப்பாளர் ஒரு கடிதம் தந்தால் நிலைமை மாறும். சட்டத்தரணி போய்க் கேட்டபோது சிவபாதசுந்தரம் ஒரே வசனத்தில் பதில் சொல்லி அனுப்பினார்: “கள்ளனைக் காட்டுங்கோ, கடிதம் தாறன்.”

*

சிவபாதசுந்தரத்தின் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் முனையில் இருந்தது. கசெற் வாடகைக்குக் கொடுத்த காலத்தில் தொடங்கிய கடை. இப்போது சுவர் முழுக்க டிவிடி. ஒவ்வொன்றும் பளபளக்கும் பொலித்தீன் உறைக்குள், வர்ணப் படத்தோடு. கடைக்குள் நுழைந்ததும் ஸ்ரீஸ்கந்தராசா ஒன்றை உருவி எடுத்தார்.

“முதலாளி, இது நேற்றுத்தானே சென்னையிலை தியேட்டருக்கு வந்தது?”

“இஞ்சையும் நேற்றே வந்திட்டுது.”

“பிளேனிலையோ, நீந்தியோ?”

“மருதானையிலை ஒராள் தாறவர். அதுக்கு மேலை நான் கேக்கிறதும் இல்லை, அவர் சொல்லுறதும் இல்லை.” சிவபாதசுந்தரம் பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினார். அறுபதை நெருங்கிய மனிதர், சவரம் செய்யாத முகம். அவள் புதுக்கடையிலிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் கதிரையைக் காட்டினார், ஆனால் கண்ணைக் கொடுத்துக் கதைக்கவில்லை.

பேர்ணடெற் பணிவாகவே தொடங்கினாள். படத்தில் கதாநாயகி எல்லா இடத்திலும் ‘ஓம்’ என்று கதைக்க, கிணற்றடிக் காட்சியில் மட்டும் ‘ஆமா’ என்கிறாளே, அது எப்படி என்று கேட்டாள்.

அவர் முகம் கோணியது. சென்னையிலிருந்து ஒரு ஆள் படத்தை வாங்க வந்திருந்தாராம். படம் நல்லது, ஆனால் பொம்பிளைப் பிள்ளை வாய் திறந்தால் மந்திரம் சொல்லுகிற மாதிரி இருக்கிறதே, எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள் என்றாராம். குரலை மாற்றித் தந்தால் வாங்கலாம் என்றிருக்கிறார். அதனால் ஒரேயொரு காட்சிக்கு மட்டும் வேறு குரல் போட்டுப் பார்த்தார்கள். பழைய வானொலி நாடகக் குரல் ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது, ராக்கம்மா என்று பெயர். இந்திய வம்சாவளி மனுசி, ‘ஆமா’ அவளுக்குப் பிறந்த பேச்சு. பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு நடந்தது. மிச்சக் காட்சிகளைத் திங்கட்கிழமை தொடங்க இருந்தார்கள். திங்கட்கிழமை படம் இணையத்தில் நின்றது.

“அப்ப இணையத்தில வந்த பிரதி அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எடுத்தது,” என்றாள் பேர்ணடெற். “அதிலயும் ‘ஆமா’தான் இருக்கு. நீங்க கவனிக்கேல்லையா?”

“நான் அதைப் பார்க்கேல்லை, பிள்ளை. என்ரை பிள்ளையின்ரை செத்தவீட்டு வீடியோவை நான் ஏன் பார்க்க வேணும்?”

பிறகு அவரே கதைத்தார். அந்தக் கிழமை கடையில் நல்ல வியாபாரமாம். மருதானையிலிருந்து ஒரேயடியாகப் பத்துப் புதுப்படம் வந்து இறங்கியிருந்தது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை. சந்தோசமாக வீட்டுக்குப் போனால் டொரோண்டோவிலிருந்து தொலைபேசியில் மைத்துனர். ‘அத்தான், உங்கடை படம் பார்த்தன், முடிவு கொஞ்சம் இழுவை.’ அடுத்த படத்துக்கென்று கதை எழுதி வைத்திருந்த பெடியன் இப்போது கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுக்கிறான். நடித்த பிள்ளை நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இனி இந்த ஊரில் யார் ஒரு படத்துக்குக் காசு போடப் போகிறார்கள் என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவரில் இருந்தவை எல்லாம் மற்றவர்களுடைய படங்கள்.

பேர்ணடெற் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. “முதலாளி, அந்தப் பத்திலை ஒண்டு எனக்கும் தாங்கோ. நல்ல சண்டைப்படமாய். வெளியிலை நடக்கிற சண்டை காணாது.”

அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தபடியே சொன்னார்: “ஸ்ரூடியோத் திறப்பு ரெண்டு பேரிட்டைத்தான். ஒண்டு என்னட்டை, மற்றது சூசையிட்டை. அண்டைக்கு மூண்டரைக்குப் பதிவு முடிஞ்சு நான் கடைக்கு வந்திட்டன். அவன்தான் பூட்டிக்கொண்டு போனவன். நீங்கள் கண்டுபிடிச்சது அவனுக்குத்தான் இன்னும் கயிறு.”

“முழுப்படத்தையும் ஸ்ரூடியோ மெஷினில பிரதி எடுக்க எவ்வளவு நேரம் போகும்?”

“படம் ஓடுற நேரம் வேணும். ரெண்டு மணித்தியாலம்.”

பேர்ணடெற்றின் மனதுக்குள் ஒரு மெழுகுதிரி பற்றியது.

*

ஓட்டோ காலி வீதியில் ஏறியதும் அவள் கணக்கைப் போட்டாள். தபசு காலத்து வெள்ளிக்கிழமை. கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஐந்தரைக்குச் சிலுவைப்பாதை. அன்று தலங்களை வாசித்தது சூசைதாசன். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அவள் அங்கே முழந்தாளில் இருந்தாள். மூன்றரைக்கு வெள்ளவத்தை ஸ்ரூடியோவில் இருந்த மனிதன், வழியில் அத்தனை சோதனைச்சாவடிகளிலும் பஸ்ஸைவிட்டு இறங்கி ஏறி, ஐந்தரைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்து புத்தகத்தோடு நிற்க வேண்டுமென்றால் பதிவு முடிந்த கையோடு புறப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்திருக்க முடியாது.

“அவர் இல்ல, அண்ணை. நானே சாட்சி.”

“நேற்று ஒருத்தி தன்ரை காதையே நம்பேலாது எண்டு கொப்பியிலை எழுதினவ.”

“அது காது. இது கண்.”

“சரி, கண்ணை நம்புவம்.” கொள்ளுப்பிட்டியில் வண்டிகள் வரிசையாக நின்றன. “இப்ப வாற கண்ணைப் பாரும்.”

சோதனைச்சாவடியில் இருந்த இளைஞன் ஸ்ரீஸ்கந்தராசாவின் அடையாள அட்டையை நெடுநேரம் பிடித்திருந்தான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கொட்டாஞ்சேனைக்கு என்றார் அவர், அதே மொழியில், சிரித்த முகத்தோடு. மடியில் இருந்த டிவிடியை அவன் துப்பாக்கி முனையால் திருப்பிப் பார்த்தான். நடிகரின் முகத்தைக் கண்டதும் அவனுடைய முகமும் தளர்ந்தது. நல்ல படமா என்று கேட்டான். இன்னும் பார்க்கவில்லை, மாத்தயா, என்றார் அவர். போகச் சொன்னான்.

“பார்த்தீரே,” என்றார் ஓட்டோ நகர்ந்ததும். “என்ரை பேரை எழுத வெளிக்கிட்டிருந்தா அவன்ரை டியூட்டி முடிஞ்சிருக்கும். சிவபாதத்தாற்றை களவுப் படம் எங்களை விடுவிச்சிட்டுது. சிவபாதத்தாற்றை சொந்தப் படம் சூசையைப் பிடிச்சு உள்ளை வைச்சிருக்கு.”

அவர் சொன்னதில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய திட்டம் நேரானது. ராக்கம்மாவைப் பார்ப்பது. அன்று பதிவு எத்தனை மணிக்கு முடிந்தது, சூசைதாசன் எப்போது புறப்பட்டார் என்று கேட்டு எழுதி, கையொப்பம் வாங்குவது. வாங்கிவிட்டால் சிவபாதசுந்தரம் வேறு கள்ளனைத் தேடித்தான் ஆக வேண்டும்.

*

துறைமுகத்து மதிலுக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்துக்குள் ராக்கம்மாவின் அறை இருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவர் கதவைத் திறந்து, “யாரும்மா?” என்று கேட்டதும் பேர்ணடெற் ஒரு கணம் தடுமாறினாள். கண்ணை மூடினால் கிணற்றடியில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணின் குரல். கண்ணைத் திறந்தால் இந்த அம்மா. முகத்தை இதற்கு முன்பும் எங்கேயோ கண்ட மாதிரி இருந்தது. கொட்டாஞ்சேனை சின்ன இடம், கண்டிருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

“ஒலிப்பதிவு விசயமா வந்தனாங்க, அம்மா. சூசைதாசனோட வேலை செய்தது நீங்கதானே?”

“ஆமா. உள்ள வாங்க. சூசை தம்பி நல்லா இருக்காரா? குருத்தோலைப் பெருநாளு, பெரிய வெள்ளி எல்லாம் வருதே, கோயில்ல வேலை அதிகமா இருக்கும்.”

அவருக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் பேர்ணடெற்றுக்கு விளங்கியது. படம் இணையத்தில் வந்தது தெரியாது. கைது தெரியாது. அவள் மெதுவாகச் சொன்னாள். பொலிஸ் என்ற சொல்லுக்கே அந்த அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. முழுவதையும் கேட்டு முடித்தபின் எழுந்து, சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார்.

“தட்டு எங்கிட்டதாம்மா இருக்கு.”

டிவிடி. வெறும் வெள்ளை. எழுத்து எதுவும் இல்லை.

பேர்ணடெற்றின் பேனை நின்றது.

ராக்கம்மாவுக்கு ஒரு மகன், லோகேஸ்வரன். படப்பிடிப்பில் விளக்குத் தூக்கும் வேலை செய்தான். போன வருசம் வேலைக்குப் போகிற வழியில் யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், வீட்டில் இருந்த அவனுடைய ஒரே புகைப்படத்தையும் வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தரவில்லை. அன்று ஒலிப்பதிவு நடக்கும்போது, திரையில் கிணற்றடிக்கு முந்திய ஒழுங்கைக் காட்சி ஓடியது. ஒருவன் காஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து போனான். ஆள் குறைவென்று விளக்குப் பெடியனையே நடக்க விட்டிருந்தார்கள்.

“நான் வசனத்த விட்டுட்டேன். முதலாளி திட்டுனாரு. சூசை தம்பி மட்டும் என்னன்னு கேட்டாரு. முதலாளி போனப்புறம் படத்த மொதல்லேருந்து ஓட விட்டுட்டு, மெஷின்ல தட்டையும் போட்டுட்டு, ‘இருந்து பாருங்க, முடிஞ்சதும் தட்ட எடுத்துக்கிட்டுப் பூட்டிட்டு வாங்க, எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு’ன்னாரு. தெறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நான் தனியா ஒக்காந்து பாத்தேன். தெறப்பக் கொண்டாந்து கோயில் வாசல்ல குடுத்தேன்.”

கோயில் வாசல். சிலுவைப்பாதையும் பூசையும் முடிந்து வெளியே வந்தபோது பொட்டு வைத்த ஒரு அம்மா படியடியில் நின்றதும், சூசைதாசன் குனிந்து அவரிடம் எதையோ வாங்கியதும் பேர்ணடெற்றுக்கு இப்போது நினைவு வந்தன. மெழுகுதிரி விற்கிற அம்மா என்று எண்ணிக்கொண்டு அவள் கடந்து போயிருந்தாள். கண்டது ஒன்று, மனது எழுதியது இன்னொன்று. ‘ஆமா’வை ‘ஓம்’ ஆக்கிய அதே கை.

சூசைதாசன் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை என்பது சரி. ஆனால் தட்டைக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்துவிட்டு, இத்தனை நாளும் அடித்துக் கேட்டவர்களிடம் இந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் இருக்கிறார். காணாமல் போனவனின் தாய் என்று பெயர் ஒருதரம் எழுதப்பட்டால், அடுத்த வான் எந்தச் சந்துக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ராக்கம்மா அதைப் போட்டுக் காட்டினார். சைக்கிள், சிலிண்டர், மெலிந்த ஒரு பெடியன். “கொஞ்சம் ஒதுங்குங்க,” என்கிறான். போகிற போக்கில் கமெராவைப் பார்த்துச் சிரித்துவிடுகிறான். நல்ல இயக்குநர் என்றால் வெட்டியிருப்பார். அந்த இடத்தில் தட்டில் கீறல் விழுந்து படம் துள்ளியது. அத்தனை தரம் அதே இடத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“இத வேற யாருக்கும் குடுத்தீங்களா, அம்மா?”

மகள் குவைத்தில் வீட்டுவேலை. தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள். முன்வீதியில் நிக்கலஸ் தம்பியின் கொம்யூனிகேஷன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, இந்தச் சிரிக்கிற துண்டை மட்டும் மகளுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினான். மகள் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாள். அவ்வளவுதான்.

புறப்படும்போது கதவடியில் நின்று ராக்கம்மா கேட்டார்: “படம் சித்திரைக்கு இங்க தியேட்டர்ல வருதுல்லம்மா? சின்னப் பெட்டியில மொகம் சரியாத் தெரியல. பெருசாப் பாக்கலாம்னு இருக்கேன்.”

அதற்குப் பேர்ணடெற்றால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, ஆமா என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

*

நிக்கலஸின் கொம்யூனிகேஷனில் மூன்று தொலைபேசிக் கூண்டுகளும் நான்கு கம்பியூட்டர்களும் இருந்தன. அவனுக்கு முப்பது வயது, கழுத்தில் செபமாலை. பேர்ணடெற்றை அவனுக்குத் தெரியும், ஒரே கோயில். அவள் ‘ஆறாம் ஒழுங்கை’ என்றதும் அவன் எழுந்து முன்கதவை அரைவாசி சாத்தினான்.

“மிஸ், நான் கள்ளனில்ல.”

“கள்ளன் எண்டு ஆர் சொன்னது?” ஸ்ரீஸ்கந்தராசா வாங்கிலில் இருந்து, வாங்கிய டிவிடியைக் கவுண்டரில் வைத்தார். “தம்பி, எனக்கு இந்தப் படத்தை ஒருக்காப் போட்டுக் காட்டும். நல்ல சண்டைப்படமாம்.”

நிக்கலஸ் அதைப் பார்த்த பார்வையைப் பேர்ணடெற் கவனித்தாள். முகத்தைக்கூட நிமிர்த்தாமல், உறையைப் பார்த்ததுமே அவன் விரல்கள் பின்னுக்குப் போயின. இந்தத் தடவை அவள் அதற்கு வேறு அர்த்தம் எழுத விரும்பவில்லை.

“இந்த டிவிடியை உங்களுக்குத் தெரியுமா, நிக்கலஸ்?”

“...ஓம்.”

“எப்படி?”

அவன் சொன்னதை அவள் இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். துண்டை வெட்டுவதற்காக முழுப்படத்தையும் தன் கம்பியூட்டரில் ஏற்றினான். அம்மாவிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்தான், கம்பியூட்டரில் இருந்ததை அழிக்கவில்லை. அடுத்த நாள் மருதானையிலிருந்து வெறும் தட்டு விற்க வருகிற ஆள் வந்தார். வெள்ளவத்தைக் கடைகளுக்குப் புதுப்படம் கொடுப்பவரும் அவர்தான். படங்களை அவர் எடுப்பது இணையத்தில் ஒரு தளத்தில். அங்கே காசு செல்லாது. சும்மா இறக்கிக்கொண்டே இருந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். திறக்க வேண்டுமானால் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத படம் ஒன்றை ஏற்ற வேண்டும்.

“ஒண்டு ஏத்தினாப் பத்து இறக்கலாம், மிஸ். அந்தக் கிழமை அவருக்குக் கதவு சாத்திட்டாங்க. புதுசா ஏதும் இருக்கா எண்டு கேட்டார். நான் சும்மா சொன்னன், இன்னும் வெளிவராத படம் ஒண்டு இருக்கெண்டு. எனக்கு ரெண்டு பெட்டி வெறும் தட்டுத் தந்தார். அது ஆரிட படம் எண்டு எனக்கு உண்மையாத் தெரியாது.”

“அவர் இறக்கின பத்து?”

நிக்கலஸ் கவுண்டரில் இருந்த டிவிடியை விரலால் தொட்டான். “இது அதில ஒண்டு. இங்க வைச்சுத்தான் இறக்கினவர். எல்லாம் வெள்ளவத்தைக்குத்தான் போனது. சிவபாதத்தார்ர கடைக்கு.”

வெளியே துறைமுகத்துக் கொள்கலன் லொறி ஒன்று கடந்து போக, கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.

சிவபாதசுந்தரத்தின் படத்தை யாரும் வெளிநாட்டில் இருந்து வந்து திருடவில்லை. அவருடைய அலமாரியை நிரப்பத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிழமை அவர் சந்தோசப்பட்ட பத்துப் படங்களுக்கும் விலை, அவருடைய ஒரே படம்.

ஸ்ரீஸ்கந்தராசா டிவிடியை எடுத்து, சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்து, பிறகு பேர்ணடெற்றிடம் நீட்டினார். “இந்தாரும். எனக்கு வேண்டாம். இதிலை சண்டை கூடிப்போச்சு.”

*

2008 மார்ச் 15, சனி

இன்று வகுப்புக்குப் போகவில்லை. அது முதல் பிழை. இரண்டாவது, என் கண்ணை நம்பி ஒருவரைக் குற்றமற்றவர் என்று நேரத்தோடு முடிவுகட்டியது. சூ. அந்தப் பிரதியைக் கொடுத்தார். இரக்கத்தில் கொடுத்தார். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் கடிதம் கிடைக்கும், இரண்டையும் சொன்னால் கிடைக்குமா தெரியாது. கேட்டால் இரண்டையும் சொல்வேன் என்று தீர்மானித்திருக்கிறேன். இது சரியா என்று சேரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்று நான் பார்த்த தாயின் பெயரை இங்கே எழுதவில்லை. வீடுகளைச் சோதிக்கும்போது கொப்பிகளையும் எடுத்துப் போகிறார்கள்.

நாளை குருத்தோலை ஞாயிறு. முதல் பூசைக்குப் போக வேண்டும். பிறகு ஸ்ரீ அண்ணையோடு வெள்ளவத்தைக்கு. கடை திறக்க முன் சிவபாதசுந்தரத்தைப் பிடிக்க வேண்டும். இந்த டிவிடியை அவர் மேசையில் வைத்து, இதற்கு உண்மையில் என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். தாயின் பெயரைச் சொல்லக் கூடாது. கடிதம் வாங்காமல் எழும்பக் கூடாது.